காய்ந்த புல்லில் என்ன மிஞ்சுகிறது?

1907-இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் பதினாறு கிடாரிகளை நான்கு கூட்டமாகப் பிரித்துக் கட்டினார்கள். முதல் கூட்டத்துக்கு மக்காச்சோளச் செடியிலிருந்து கிடைத்தது மட்டுமே தீனி. தானியம், தட்டை, தோகை எல்லாம் அதிலிருந்தே. இரண்டாவது கூட்டத்துக்குக் கோதுமையும் கோதுமை வைக்கோலும். மூன்றாவதற்கு ஓட்ஸ். நான்காவதற்கு மூன்றும் கலந்தது. புரதமும் எரிசக்தியும் நான்கிலும் சமமாக வரும்படி வேதியியலாளர்கள் கணக்குப் போட்டிருந்தார்கள். அன்றைய அறிவின்படி நான்கு கூட்டமும் ஒன்றுபோல வளர்ந்திருக்க வேண்டும். மக்காச்சோளம் தின்றவை மினுமினுப்பாக வளர்ந்து திடமான கன்றுகளை ஈன்றன. கோதுமை மட்டும் தின்றவற்றின் கன்றுகள் மாதம் நிறையும் முன்பே விழுந்தன. செத்தே பிறந்தன, அல்லது பிறந்த சில நாளில் செத்தன. தாய்களுக்குப் பார்வை மங்கியது.

ஹார்ட், மெக்காலம், ஸ்டீன்பாக், ஹம்ப்ரி ஆகிய நால்வரும் இந்த முடிவுகளை 1911-இல் வெளியிட்டபோது, காரணம் இன்னதென்று அவர்களால் சொல்ல முடியவில்லை. வைட்டமின் என்ற பெயரையே காசிமிர் ஃபங்க் அடுத்த ஆண்டுதான் வைத்தார். 1913-இல் மெக்காலமும் டேவிஸும் வெண்ணெயில் கரைந்திருக்கும் ஒரு வளர்ச்சிப் பொருளைக் கண்டார்கள். அதுதான் இன்றைய வைட்டமின் ஏ. ஸ்டீன்பாக் 1919-இல் மஞ்சள் நிறத்துக்கும் அந்தப் பொருளுக்கும் உறவு இருப்பதைக் கவனித்தார். செடியில் இருக்கும் கரோட்டின் என்ற நிறமி உடலுக்குள் வைட்டமின் ஏ-ஆக மாறுகிறது என்பதை இங்கிலாந்தில் தாமஸ் மூர் எலிகளைக் கொண்டு காட்டியபோது 1930 ஆகிவிட்டது. இப்போது திரும்பிப் பார்த்தால் விஸ்கான்சின் கிடாரிகளின் கதை விளங்குகிறது. மஞ்சள் மக்காச்சோளத்திலும் அதன் தோகையிலும் கரோட்டின் இருந்தது. கோதுமை வைக்கோலில் அது இல்லை, கால்சியமும் குறைவு.

கால்நடைத் தீவனத்தின் வைட்டமின் பற்றிய ஆய்வுகள் அதன்பின் பெருகின. உலர்புல்லில் இத்தனை மில்லிகிராம், பசும்புல்லில் இத்தனை என்று அட்டவணைகள் வந்தன. அவற்றைப் படிக்கும்போது எனக்குத் தோன்றுவது இதுதான்: உலர்தீவனத்தின் வைட்டமின் அளவைப் புல்லின் பெயரை வைத்துச் சொல்ல முடியாது. அறுத்த நாளுக்கும் மாட்டின் வாய்க்கும் இடையில் அந்தப் புல்லுக்கு நேர்ந்தவைதான் அதைத் தீர்மானிக்கின்றன. ஒரே வயலில், ஒரே நாளில் அறுத்த புல்லின் இரண்டு கட்டுகளுக்குள் பத்து மடங்கு வேறுபாடு வரலாம். அது வருகிற விதம் வைட்டமினுக்கு வைட்டமின் மாறுகிறது.

கரோட்டினிலிருந்து தொடங்குவோம். இலை தளதளவென்று இருக்கும் இளம்புல்லில் ஒரு கிலோ உலர்பொருளுக்கு 550 மில்லிகிராம்வரை கரோட்டின் இருக்கும். பூத்து முற்றிய புல்லில் அது 60 மில்லிகிராமுக்கு இறங்கிவிடும். அரிவாள் படுவதற்கு முன்பே முக்கால் பங்குக்கு மேல் போய்விட்டது என்று பொருள். எடை கூடட்டும் என்று அறுப்பைத் தள்ளிப்போடுகிறவர் தண்டைச் சேர்த்து இலையை இழக்கிறார். கரோட்டின் இருப்பது இலையில்தான்.

அறுத்த பிறகு இழப்பு இன்னும் வேகமெடுக்கிறது. வாடும் இலையில் செல்கள் உடனே செத்துப்போவதில்லை. அவற்றில் இருக்கும் நொதிகள் ஈரம் அடங்கும்வரை வேலை செய்து கரோட்டினைச் சிதைக்கின்றன. மேலே வெயிலும் காற்றும் அதையே செய்கின்றன. குதிரைமசாலை வெயிலில் பரப்பிக் காயவிட்டால் முதல் 24 மணி நேரத்துக்குள் 80 விழுக்காட்டுக்கு மேல் அழிந்துவிடக்கூடும் என்று பழைய ஆய்வுகளே காட்டியிருக்கின்றன. பச்சையாக இருந்தபோது கிலோ உலர்பொருளுக்கு 150 முதல் 200 மில்லிகிராம் இருந்த புல், உலர்ந்து கட்டாகும்போது 2 முதல் 20 மில்லிகிராமோடு நிற்கிறது. இரண்டும் இருபதும் ஒன்றல்ல. நல்ல உலர்புல்லுக்கும் வெறும் நாருக்கும் உள்ள தூரம் அந்தப் பத்து மடங்குதான்.

காய்ந்துகொண்டிருக்கும் புல்மேல் ஒரு மழை விழுந்தால் மறுபடி முதலிலிருந்து காயவைக்க வேண்டும். அதற்குள் இலை உதிர்கிறது, நிறம் போகிறது. ஈரம் சரியாக அடங்காமல் போர் போட்டுவிட்டால் உள்ளே சூடேறிப் புல் பழுப்பாகிறது. அந்தச் சூட்டில் கரோட்டின் பெரும்பாலும் எஞ்சுவதில்லை. போரில் பத்திரமாக இருப்பதும் மெல்ல மெல்லக் கரைகிறது. குளிர்நாட்டுப் பனிக்காலத்தில் மாதத்துக்கு 6, 7 விழுக்காடு குறையும் என்றும், கோடையில் 20 விழுக்காட்டை ஒட்டிப் போகும் என்றும் மதிப்பிட்டிருக்கிறார்கள். நம் ஊர்ச் சித்திரை வெயிலில் நிற்கும் போரை இரண்டாவது கணக்கோடுதான் சேர்க்க வேண்டும்.

இதில் உழவருக்கு உதவும் ஓர் உண்மை இருக்கிறது. பச்சையமும் கரோட்டினும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்து ஒன்றாகவே அழிகின்றன. அதனால் உலர்புல்லின் பச்சை நிறம், கரோட்டின் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்பதற்கு நம்பத்தகுந்த அடையாளம். ஆய்வகம் இல்லாத ஊரிலும் ஒரு பிடி புல்லை உருவிப் பார்த்து, பச்சை வாசம் இருக்கிறதா, இலை ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று சோதிக்கும் முதியவர் சரியான சோதனையைத்தான் செய்கிறார்.

மாடு இந்தக் கரோட்டினை எவ்வளவு பயன்படுத்துகிறது என்பது தனிக் கேள்வி. எலி ஒரு மில்லிகிராம் பீட்டா கரோட்டினிலிருந்து 1,667 சர்வதேச அலகு வைட்டமின் ஏ எடுக்கும். மாட்டுக்கு 400 அலகுதான் கணக்கு. மாற்றாமல் விட்டதில் ஒரு பங்கைப் பசு பாலின் கொழுப்பில் இறக்குகிறது; பசுவெண்ணெயின் மஞ்சள் அதிலிருந்து வருவது. எருமை கரோட்டினைப் பாலில் விடுவதில்லை, வைட்டமின் ஏ-ஆக மாற்றியே விடுகிறது. எருமை வெண்ணெய் வெளுத்திருப்பதைப் பார்த்து அதில் சத்துக் குறைவு என்று நினைக்க வேண்டியதில்லை. பசுநெய்யின் நிறம் மட்டும் பசு தின்ற பச்சையின் அளவை ஓரளவு காட்டிக்கொடுக்கும். கோடையில் அது வெளிறுவதை நெய் உருக்குகிற எவரும் கண்டிருப்பார்கள்.

வெயில் கரோட்டினை எடுத்துக்கொண்டு அதற்குப் பதிலாக ஒன்றைக் கொடுக்கிறது. வயலில் உயிரோடு நிற்கும் பசும்புல்லில் வைட்டமின் டி இல்லை என்றே சொல்லலாம். அறுத்து வெயிலில் போட்ட பிறகு, வாடிய இலையிலும் அதன்மேல் வளரும் நுண்பூஞ்சையிலும் உள்ள எர்கோஸ்டெரால் என்ற பொருள் புறஊதாக் கதிர் பட்டு வைட்டமின் டி2-ஆக மாறுகிறது. விஸ்கான்சினில் அதே ஸ்டீன்பாக்கும் ஹார்ட்டும் 1920-களில் இருட்டில் உலர்த்திய புல்லையும் வெயிலில் உலர்த்திய புல்லையும் ஒப்பிட்டு இதைக் காட்டினார்கள். ஆக, வெளிறிய புல்லில் டி மிகுதி, ஏ குறைவு. பசுமை மாறாத புல்லில் ஏ மிகுதி, டி குறைவு. குளிர்காலம் முழுவதும் மாட்டைக் கொட்டிலுக்குள் கட்டிவைக்கும் நாடுகளுக்கு இது பெரிய செய்தி. நம் வெயிலில் மேயும் மாடு தன் தோலிலேயே வைட்டமின் டி செய்துகொள்கிறது. வெளியே விடாமல் தகரக் கொட்டகைக்குள்ளேயே வளர்க்கும் பண்ணைகளுக்கு மட்டும் இது மறுபடியும் கேள்வியாகிறது.

வைட்டமின் இ-யின் கதை கரோட்டினை ஒத்தது, ஆனால் அதைவிடக் குறைவாகப் பேசப்படுவது. 1922-இல் கலிஃபோர்னியாவில் ஈவன்ஸும் பிஷப்பும் இதைக் கண்டபோது, கருத்தரித்த எலிகளின் கருக் கலைந்துபோவதைத் தடுக்கும் பொருளாகவே அது தெரிந்தது. கீரையும் குதிரைமசாலும் கொடுத்தபோது எலிகள் குட்டி ஈன்றன. புல்லின் இலையில் தண்டைவிட 20 முதல் 30 மடங்கு வைட்டமின் இ இருக்கிறது. உலர்த்தும்போது 90 விழுக்காடுவரை போய்விடலாம். செலினியமும் இதுவும் சேர்ந்து குறைந்தால் ஆட்டுக்குட்டிக்கும் கன்றுக்கும் தசை வெளுத்து, நிற்க முடியாமல் போகும். குதிரைகளில் நரம்பைத் தின்னும் ஒரு நோயை 1990-இல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் முதன்முதலாக விவரித்தார்கள். அந்தக் குதிரைகளில் பெரும்பாலானவை மேய்ச்சலே இல்லாமல் லாயத்தில் மட்டமான உலர்புல் தின்று வாழ்ந்தவை. அவற்றின் ரத்தத்தில் வைட்டமின் இ மிகக் குறைவாக இருந்தது. வயிறு நிறைய உலர்புல் கிடைத்தும் வந்த நோய் அது.

கறவை மாட்டில் இதன் விளைவு மடியில் தெரிகிறது. அமெரிக்காவின் ஒஹையோவில் 1984-இல் வெளியான ஓர் ஆய்வில், சேமித்த தீவனம் தின்ற மாடுகளுக்குக் கன்று ஈனும் முன் வைட்டமின் இ கொடுத்தபோது மடிநோய் 37 விழுக்காடு குறைந்தது. நஞ்சுக்கொடி விழாமல் தங்குவதும் இதனோடும் செலினியத்தோடும் தொடர்புள்ளது என்று அதே குழுவினர் காட்டினார்கள். இன்று ஊர்தோறும் மடிநோய்க்கு ஊசி மருந்து போகிற அளவைப் பார்க்கும்போது, ஈனுவதற்கு முந்தைய இரண்டு மாதத்தில் அந்த மாடு என்ன தின்றது என்று கேட்கிறவர்கள் மிகச் சிலரே என்பது எனக்கு வருத்தம் தருகிறது.

வைட்டமின் கே-க்குப் பஞ்சம் வருவது அரிது; பச்சை இலையில் நிறைய உண்டு, மாட்டின் வயிற்று நுண்ணுயிர்களும் செய்துகொடுக்கும். டென்மார்க்கின் ஹென்ரிக் டாம் கண்ட இந்த வைட்டமினை எட்வர்ட் டாய்சி 1939-இல் குதிரைமசாலிலிருந்தே பிரித்தெடுத்தார்; இருவருக்கும் 1943-ஆம் ஆண்டின் நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் உலர்புல்லின் வரலாற்றில் மிகப் பெரிய பாடம் ஒன்று இந்த வைட்டமினோடு சேர்ந்தது. 1920-களில் கனடாவிலும் அமெரிக்காவின் வடபகுதியிலும் மாடுகள் காரணம் தெரியாமல் ரத்தம் கசிந்து செத்தன. கொம்பு அறுத்தாலோ காயடித்தாலோ ரத்தம் நிற்கவே இல்லை. ஒன்டாரியோவின் கால்நடை மருத்துவர் ஃபிராங்க் ஷோஃபீல்ட், ஸ்வீட் குளோவர் என்ற தீவனச் செடியின் பூஞ்சை பிடித்த உலர்புல்தான் காரணம் என்று கண்டுபிடித்தார். நன்றாக உலர்ந்த அதே புல்லைத் தின்ற மாடுகளுக்கு ஒன்றும் ஆகவில்லை.

1933 பிப்ரவரியில், பனிப்புயலுக்கு நடுவே விஸ்கான்சின் உழவர் ஒருவர் செத்த கிடாரியையும் உறையாத ரத்தம் நிறைந்த பால்கேனையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு வேதியியலாளர் கார்ல் பால் லிங்கின் ஆய்வுக்கூடத்துக்கு வந்தார். அன்று லிங்கிடம் மருந்து எதுவும் இல்லை. பூஞ்சைப் புல்லைக் கொடுக்காதே என்று மட்டுமே சொல்ல முடிந்தது. ஆறு ஆண்டு உழைப்புக்குப் பின் 1939-இல் அவருடைய குழு டைகூமரால் என்ற பொருளைப் பிரித்தது. செடியில் இயல்பாக உள்ள, நறுமணம் தரும் கூமரினைப் பூஞ்சை இப்படி மாற்றிவிடுகிறது. அது வைட்டமின் கே-யின் வேலையைத் தடுக்கிறது. அதன் வழியில் பிறந்த வார்ஃபரின் 1948-இல் எலி மருந்தாக வந்து, பின்னர் மனிதருக்கு ரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்தானது. இதய நோயாளிகள் பல பத்தாண்டுகள் உட்கொண்ட மாத்திரையின் வேர், சரியாக உலராத ஒரு புல்கட்டில் இருக்கிறது. உழவருக்கு இதில் உள்ள செய்தி நேரடியானது: தீவனத்தில் வைட்டமின் இருப்பது போதாது, அதை முறிக்கும் பொருள் அங்கே உருவாகாமலும் இருக்க வேண்டும்.

பி வைட்டமின்களை அசைபோடும் விலங்குகளின் முதல் இரைப்பையில் வாழும் நுண்ணுயிர்களே செய்துகொடுக்கின்றன. ஒரே நிபந்தனை, பி12 செய்ய அவற்றுக்குக் கோபால்ட் வேண்டும். ஆஸ்திரேலியக் கடற்கரை மேய்ச்சல் நிலங்களில் புல் செழித்திருந்தும் ஆடுகள் மெலிந்து செத்ததற்கு மண்ணில் கோபால்ட் இல்லாததே காரணம் என்று 1935 வாக்கில் தெரிந்தது. பி12-இன் மூலக்கூறிலேயே கோபால்ட் இருப்பது 1948-இல்தான் வெளிப்பட்டது. வைட்டமின் சி-யை மாடும் ஆடும் குதிரையும் தங்கள் ஈரலிலேயே செய்துகொள்கின்றன. உலர்புல்லில் அதைத் தேட வேண்டியதில்லை.

உலர்த்துவதால் இவ்வளவு போகிறதென்றால் உலர்த்தாமல் காப்பது எப்படி? ஃபின்லாந்தின் ஏ. ஐ. விர்தானென் இந்தக் கேள்விக்கே வாழ்நாளைக் கொடுத்தார். ஆண்டின் பாதி பனி மூடிய நாட்டில் மாட்டுக்குக் கோடைப்புல்லை வைத்திருக்க வேண்டும். பச்சைப் புல்லைக் குழியில் அடைத்து, நீர்த்த அமிலம் சேர்த்து, அதன் pH அளவை 4-க்குக் கீழே கொண்டுவந்தால் நொதிகளும் கெடுக்கும் நுண்ணுயிர்களும் அடங்கிவிடும். புரதமும் கரோட்டினும் பெருமளவு காக்கப்படும் என்று 1920-களின் இறுதியில் காட்டினார். 1945-ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது. பரிசுக் குறிப்பிலேயே தீவனம் காக்கும் முறை இடம்பெற்றது. மாட்டுத் தீனியைப் பற்றிய சிந்தனைக்கு அப்படி ஒரு மதிப்பு கிடைத்தது எனக்கு இன்றும் மகிழ்ச்சி தருகிறது. இன்று நம் ஊர்களில் மூட்டையாக விற்கும் மக்காச்சோள ஊறுகாய்த்தீவனமும் இதே தத்துவத்தில்தான் நிற்கிறது, அமிலத்தைச் செடியின் சர்க்கரையிலிருந்து நுண்ணுயிர்களே உண்டாக்குகின்றன என்பது மட்டும் வேறு. நன்றாகக் காற்றுப் புகாமல் அடைத்ததில் கரோட்டின் உலர்புல்லைவிட அதிகம் மிஞ்சும். முற்றிக் காய்ந்துபோன பயிரை அடைத்தால் எதுவும் மிஞ்சாது, ஏனென்றால் அடைக்கும்போதே இல்லை.

தமிழ்நாட்டுக்கு வந்தால் ஓர் அடிப்படை வேறுபாட்டைச் சொல்லியாக வேண்டும். மேலே சொன்ன ஆய்வுகளில் பெரும்பாலானவை உலர்புல்லைப் பற்றியவை. அதாவது இளமையில் அறுத்து, இலையோடு உலர்த்திய புல். நம் கட்டுத்தறியில் ஆண்டு முழுவதும் விழுவது நெல் வைக்கோல். நெல் தன் சத்தையெல்லாம் கதிருக்கு ஏற்றி, முற்றி, பழுத்து நின்ற பின் எஞ்சிய தாள் அது. அதில் கரோட்டின் தொடக்கத்திலேயே இல்லை. நிழலில் உலர்த்தினாலும், படப்பை ஓலை போட்டு மூடினாலும், இல்லாததைக் காக்க முடியாது. நூறு கிலோ வைக்கோலுக்கு நான்கு கிலோ யூரியா கரைத்துத் தெளித்து மூன்று வாரம் மூடிவைக்கும் முறையைக் கால்நடைத் துறையினர் பல ஆண்டுகளாகச் சொல்லித்தருகிறார்கள். செரிமானத்துக்கு அது நல்லது, நைட்ரஜனும் கூடும். வைட்டமின் ஏ-யோ இ-யோ அதனால் வராது. தாது உப்புக் கலவை கொடுத்துவிட்டோம் என்று நிம்மதியாக இருப்பவர்கள் அந்தப் பையின் மேல் அச்சிட்டிருப்பதைப் படித்துப் பார்க்க வேண்டும். தாது இருக்கும், வைட்டமின் இருந்தே தீர வேண்டும் என்பதில்லை.

உலர்தீவனங்களுக்குள் கடலைக்கொடியை நான் வைக்கோலுக்கு நெடுந்தூரம் மேலே வைப்பேன். செடி காய்ந்துபோகும் முன், பச்சை இலை இருக்கும்போதே பிடுங்கப்படுவது அது. அதிகம் புரட்டாமல், இலை உதிராமல், நிழலில் உலர்த்திச் சேமித்தால் உண்மையான உலர்புல்லின் தரத்தை நெருங்கும். வேலிமசால், முயல்மசால் போன்ற பயறுவகைத் தீவனங்களுக்கும் இதே கவனம் வேண்டும். அவற்றின் இலை காய்ந்ததும் நொறுங்கிவிடும், நொறுங்கியது களத்திலேயே கிடக்கும்.

கொங்குப் பகுதியின் கொறங்காடு இன்னொரு வழியைக் காட்டுகிறது. கிளுவை வேலிக்குள் கொழுக்கட்டைப்புல், இடையிடையே வெள்வேல மரம். கோடையில் புல் நின்ற நிலையிலேயே காய்ந்து வெளிறும். கலிஃபோர்னியாவின் மேய்ச்சல் நிலங்களிலும் இப்படித்தான் காயும். அங்கே (விஸ்கான்சின்காரர் அல்லாத) வேறொரு ஹார்ட்டும் கில்பர்ட்டும் 1930-களில், நீண்ட வறட்சியில் வெளிறிய புல்லை மட்டும் மேய்ந்த மாடுகளுக்கு மாலைக்கண் வந்ததையும் கன்றுகள் குருடாகவும் செத்தும் பிறந்ததையும் வைட்டமின் ஏ பற்றாக்குறையோடு சேர்த்து விளக்கினார்கள். கொறங்காட்டில் புல் வெளிறும் காலத்திலும் மரத்தின் இலை பசுமையாக இருக்கிறது, ஆடுமாடு அதைத் தின்கிறது. மரத்தை வெட்டிவிட்டுப் புல்லை மட்டும் வைத்திருப்பது அந்தக் காப்பைப் பறிப்பதாகும்.

எவ்வளவு பச்சை வேண்டும் என்று கணக்குப் பார்ப்போம். பசுவின் உடல் எடையில் கிலோவுக்கு ஒரு நாளைக்கு 110 அலகு வைட்டமின் ஏ வேண்டும் என்பது அமெரிக்க தேசிய ஆய்வுக் குழுவின் பரிந்துரை. 400 கிலோ மாட்டுக்கு 44,000 அலகு. கரோட்டினாக 110 மில்லிகிராம். நல்ல உலர்புல்லில் கிலோவுக்கு 20 மில்லிகிராம் என்றால் ஐந்தரைக் கிலோ வேண்டும். 2 மில்லிகிராம்தான் என்றால் 55 கிலோ வேண்டும், எந்த மாடும் அதைத் தின்னாது. கம்பு நேப்பியர் போன்ற பசும்புல்லில் ஐந்தில் ஒரு பங்கு உலர்பொருள். அதன் கிலோவுக்கு 150 மில்லிகிராம் என்று குறைத்தே வைத்தாலும், ஐந்து கிலோ பச்சைப்புல் ஒரு நாளைக்குப் போதும். கோடையில் அதற்கும் வழியில்லாதவர்களுக்கு அகத்தி, முருங்கை, சவுண்டல் இலை இருக்கின்றன. சவுண்டலை மட்டும் மொத்தத் தீனியில் மூன்றில் ஒரு பங்குக்குள் நிறுத்த வேண்டும், அதில் மைமோசின் என்ற நச்சு உண்டு. வயிற்றை நிரப்ப வைக்கோலே போதும், குறையை அடைக்க ஓர் அரிகட்டுப் பச்சை போதும்.

அந்த ஓர் அரிகட்டு யாருக்குப் போகிறது என்பதில்தான் நம் வழக்கத்தோடு எனக்குச் சண்டை. கிடைக்கிற பச்சையெல்லாம் பால் கறக்கிற மாட்டுக்குப் போகிறது. வற்றவிட்ட சினைமாடு கொல்லையில் வைக்கோலோடு நிற்கிறது. பால் தராத மாட்டுக்குப் பச்சை எதற்கு என்ற எண்ணம். ஆய்வுகள் நேர்மாறாகச் சொல்கின்றன. சேமித்த தீவனம் தின்னும் மாடுகளுக்கு வைட்டமின் இ-யின் தேவையைக் கணக்கிட்ட அதே அமெரிக்கக் குழு, சினையின் கடைசி 60 நாளில் கறவை மாட்டைப்போல் இரு மடங்கு வேண்டும் என்றது. தாயின் ஈரல் இரண்டு முதல் நான்கு மாதத்துக்கு வைட்டமின் ஏ-யைச் சேமித்து வைத்துத் தன்னைக் காத்துக்கொள்ளும். கன்றுக்கு அந்த வசதி இல்லை. ஏ-யும் இ-யும் நஞ்சுக்கொடி வழியாகக் கருவுக்கு மிகக் கொஞ்சமே போகின்றன. ஏறக்குறைய வெறும் கையோடு பிறக்கும் கன்றுக்கு அவை முதல் நாள் சீம்பாலில் வர வேண்டும். சீம்பாலின் அந்த மஞ்சளில் இருப்பது தாய் முந்தைய வாரங்களில் தின்ற பச்சை. ஏழாம் மாதம் முடிந்ததிலிருந்து சினைமாட்டுக்கு நாள்தோறும் ஐந்து கிலோ பச்சை விழுந்தால் கன்று பிறக்கும்போது சீம்பாலில் கொடுக்க ஏதாவது இருக்கும். ஈன்ற பிறகு போடும் பச்சை பாலைக் கூட்டும். சீம்பால் அதற்குள் கறந்து முடிந்திருக்கும்.